பூமி ஆடிய நேரத்தில் மடி உதறியவர்கள்

ராசா,

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ போனில் சிரித்தாயே, அந்தச் சிரிப்பு இன்னும் என் காதை விட்டு இறங்கவில்லை. "அம்மா, கேமராவுல பாத்தேன். பூமி ஆடுற நேரத்துலயும் வாசல்ல செக் பண்றத நீங்க விடல பாருங்க, கெத்தும்மா நீங்க" என்றாய். நான் ஒன்றும் பேசாமல் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்து நீ மறுபடி மறுபடி அடித்தாய். சிக்னல் எங்கேயும் போகவில்லை, எனக்குத்தான் வாய் வரவில்லை. அதற்குப் பிறகு நீ கூப்பிடும்போதெல்லாம் போனை உன் அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன். அம்மாவுக்கு என்ன கோபம் என்று அவரிடம் கேட்டாயாமே. கோபம் மட்டும் என்றால் உன்னை நாலு திட்டு திட்டிவிட்டு அடுப்படிக்குப் போயிருப்பேன். இது வேறு. நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை, படுத்தால் கண் மூட முடியவில்லை. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாக அனுப்பினால் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய் என்பதால் பேப்பரில் எழுதுகிறேன். மருமகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு முழுசாகப் படி.

நீ பார்த்தது வாசல் கேமராவில் விழுந்ததை மட்டும்தான். போடியில் ஏலக்காய் வியாபாரம் பண்ணுகிற வீட்டுப் பிள்ளைக்குக் குடோன் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கல்யாணம் முடிந்த கையோடு கொச்சியில் ஆபீஸ் திறந்து, பதினோராவது மாடியில் குடியேறியவனுக்கு மறந்திருக்கலாம், ஆகவே சொல்கிறேன். பழைய சுண்ணாம்புச் சுவரும் ஓட்டுக் கூரையுமாக நீளமாக ஓர் அறை. ஈரக்காற்றும் வெளிச்சமும் பட்டால் காயின் பச்சை வெளுத்துவிடும் என்று ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருப்போம். சுவரோரம் மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அட்டி போட்டு விட்டத்தைத் தொடுகிற மட்டும் நிற்கும். நடுவில் பெண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சுளகில் காயைப் பரப்பி, பெரிசு சிறிசு வெடித்தது என்று தரம் பிரிப்பார்கள். அவர்கள் சாப்பாட்டுக்கு வெளியே போனாலும், சாயங்காலம் வீட்டுக்குப் போனாலும், வாசலில் நின்று மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு கைப்பிடி ஏலக்காய் என்ன விலை என்று உனக்கே தெரியும். நம் வீட்டில் மட்டுமா, இந்தத் தெருவில் நாலு குடோனிலும் இதுதான் வழக்கம். பெண்களின் மடியை ஆம்பிளை தொட்டுப் பார்க்க முடியாது என்பதால் அந்த வேலை வீட்டுப் பொம்பிளைக்கு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வாசல் என் பொறுப்பு. அதில் எனக்கு வெட்கமும் இருந்ததில்லை, பெருமையும் இருந்ததில்லை. காலையில் பல் தேய்ப்பதுபோல அது ஒரு வேலை.

செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். உன் அப்பா ஏலத்துக்குப் போயிருந்தார். நான் வாசல் பக்கம் தராசு மேசையில் இருந்தேன். கீழேயிருந்து ஓர் உறுமல் கேட்டது. குவாரியில் வெடி போட்டால் ஒரே ஒரு 'டம்' கேட்டு அடங்கிவிடும். இது அடங்கவில்லை. மேசைமேல் இருந்த டீ கிளாஸ் தானாக நகர்ந்து போய் விளிம்பில் விழுந்து உடைந்தது. "என்னக்கா, லாரி எதுவும் செவுத்துல மோதிருச்சா?" என்று ஒருத்தி கேட்டாள். பேச்சியம்மாள்தான் முதலில் எழுந்தவள். "ஆத்தாடி, பூமில்லடி ஆடுது!" என்று அவள் கத்தியதும் சுளகுகள் பறந்தன. தரையெல்லாம் காய் உருண்டது. அதன்மேல் கால் வைத்து நாலைந்து பேர் வழுக்கி விழுந்தார்கள். பாதிப் பேர் பின்பக்கம் ஓடினார்கள். அங்கே ஒரு கதவு இருந்த ஞாபகம் அவர்கள் காலுக்கு இருந்திருக்கிறது. நீ செங்கல் வைத்து அடைத்த அந்தச் சுவரில் போய் முட்டிக்கொண்டு, ஐயோ ஐயோ என்று திரும்பினார்கள். அவர்கள் திரும்பி இந்தப் பக்கம் வந்ததும் வராததுமாக அந்த மூலை அட்டி சரிந்தது. எத்தனை மூட்டை என்று எண்ணவில்லை. அடியில் ஆள் இல்லை, அது யார் செய்த புண்ணியமோ.

இனிமேல் எழுதுவதை நிதானமாகப் படி. எல்லோரும் முன்வாசலுக்கு வந்தார்கள். முதலில் வந்தவள் தெருவுக்கு ஓடவில்லை. வெளிப்படியில் நின்றாள். முந்தானையை விரித்தாள், மடியை அவிழ்த்தாள், உதறினாள், பிறகுதான் இறங்கினாள். பின்னால் வந்தவளும் நின்று உதறினாள். அதற்கடுத்தவளும் அப்படியே. நான் கேட்கவில்லை ராசா. யாருமே கேட்கவில்லை. தலைக்குமேல் ஓடு படபடவென்று அடித்துக்கொள்கிறது, உள்ளே மிச்சப் பேர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து நெருக்குகிறார்கள், இவர்கள் ஒவ்வொருத்தியாக நின்று மடி உதறுகிறார்கள். உடம்பில் உயிர் உள்ள எந்த மனுஷியும் "ஓடித் தொலைங்கடி" என்று கத்தியிருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் கை தானாக நீண்டது. கதவு நிலைக்கு உள்ளே நின்றபடி, படியில் நின்ற செல்லத்தாயின் இடுப்பில் கை வைத்தேன். ஒரு முடிச்சு தட்டுப்பட்டது. "இது என்னடி?" என்று கேட்டேன். கேட்டேன்டா! என் வாயால் கேட்டேன். "வெத்தலக்கா, வெறும் வெத்தல" என்று சொல்லிக்கொண்டே அவள் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அவசரத்தில் இழுத்ததில் அது இன்னும் இறுகியது. அப்போதுதான் வாசலுக்கு மேலிருந்த சன்ஷேடு பெயர்ந்து அவள்மேல் விழுந்தது. நான் உள்ளே நின்றதால் என்மேல் ஒரு கீறல்கூட இல்லை.

அதற்குள் கரண்ட் போய் உன் கேமரா நின்றுவிட்டது. அதனால்தான் உனக்குத் தெரியாது. உன் அப்பாவும் உன்னிடம் "யாருக்கோ லேசான அடி" என்று மழுப்பிவிட்டார். லேசான அடி இல்லை. காறை எலும்பு முறிந்து, தலையில் தையல் போட்டு, தேனி பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள். உயிருக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். ஆட்டம் மொத்தமே ஒரு நிமிஷம்கூட இருந்திருக்காது. நாங்கள் அவளை ஆட்டோவில் ஏற்றும்போது தெருவே வெளியில் நின்றது. எல்லோரும் மலையைப் பார்த்துக்கொண்டு "அணைக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மலைமேல் நூறு வருஷத்துப் பழைய அணையை வைத்துக்கொண்டிருக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு நிலம் அதிர்ந்தால் முதலில் வருகிற கேள்வி அதுதானே. எனக்கு அணையும் தோன்றவில்லை, உன் அப்பாவும் தோன்றவில்லை, நீயும் தோன்றவில்லை. என் உள்ளங்கையில் அந்த முடிச்சு உறுத்திக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் இட்லி கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்ன சொல்லி அழுவது, எப்படி மன்னிப்புக் கேட்பது என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "அக்கா, தப்பா நெனச்சுக்கிறாதீக. அந்த முடிச்சுல வெத்தலயும் பாக்கும்தான் இருந்துச்சு." பக்கத்தில் நின்ற அவள் புருஷன், "ஆமாங்கம்மா, நர்சம்மா எடுத்துக் குடுத்தாக, வச்சிருக்கேன்" என்று பையிலிருந்து அதை எடுத்து, கட்டிலின்மேல் என் முன்னால் பிரித்துக் காட்டினார். ரத்தம் காய்ந்து போன நாலு வெற்றிலை. பாக்குத் துண்டு. அவர் கையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். பொண்டாட்டிமேல் பழி வந்துவிடக் கூடாதே என்கிற பயம்தான் இருந்தது. இட்லியைக் கொடுத்தேனா, வைத்துவிட்டு வந்தேனா என்றுகூட நினைவில்லை.

இப்போது அந்தப் பின்கதவு விஷயத்துக்கு வருகிறேன். போன சீசனில் அந்தக் கதவு வழியாக ரெண்டு மூட்டை காணாமல் போனதும் நீ கொத்தனாரைக் கூட்டிவந்து ஒரே நாளில் அடைத்தாய். "ஒரே வாசல், ஒரே கேமரா, தலைவலி முடிஞ்சிச்சு" என்றாய். உன் அப்பா உன் தோளைத் தட்டிக்கொடுத்தார். நான் கேசரி கிளறிப் போட்டேன். என் பிள்ளை எவ்வளவு சூட்டிகை என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆகவே உன்னை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. காயை எப்படிக் காப்பாற்றுவது என்று நாம் மூணு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். உள்ளே இருக்கிற இத்தனை பொம்பிளைகள் எப்படி வெளியே வருவார்கள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை பார். முந்தாநாள்கூட உன் அப்பாவிடம் என்ன சொன்னாய்? "சின்ன ட்ரெமர்தாம்பா. அம்மாவ அந்தச் செவுத்த மட்டும் ஒடைக்க விட்றாதீக. அடுத்த மாசம் நான் வந்து பாத்துக்கிறேன்" என்றாயாம். நல்லா இருக்குடா. அடுத்த மாசம் நீ நேரம் ஒதுக்கி வருகிறவரைக்கும் பூமி பொறுத்திருக்குமா? இது சின்னதுதான். சின்னதுக்கே ஒரு சன்ஷேடும் ஓர் அட்டியும் விழுந்திருக்கிறது. அதைத்தான் நான் பார்க்கிறேன்.

தீயணைப்பு நிலையத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து குடோனைச் சுற்றிப் பார்த்தார். அவர் சொன்னதில் எனக்கு இன்னொரு அதிர்ச்சி. பூமி ஆடினால் வெளியே ஓட வேண்டும் என்றுதானே நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? ஆடும்போது ஓடக் கூடாதாம். வாசலிலும் வெளிச்சுவர் ஓரத்திலும்தான் சன்ஷேடு, கண்ணாடி, ஓடு எல்லாம் வந்து விழுமாம். ஆட்டம் தொடங்கியதும் கீழே குனிந்து, கனமான மேசைக்கு அடியில் புகுந்து, அதன் காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேசை இல்லாவிட்டால் மூட்டைக்கும் அலமாரிக்கும் ஜன்னலுக்கும் தள்ளி, உள்சுவர் ஓரமாகக் குந்தி, ரெண்டு கையாலும் தலையையும் பிடரியையும் மூடிக்கொள்ள வேண்டும். ஆட்டம் நின்ற பிறகு நெருக்காமல் வெளியே வந்து, சுவரும் கரண்ட் கம்பமும் இல்லாத வெட்டவெளியில் நிற்க வேண்டும். அடுத்த ஆட்டம் வரலாம் என்பதால் செருப்பு, பை, போன் என்று எதற்காகவும் உள்ளே திரும்பிப் போகக் கூடாது. அவர் இதைச் சொல்லச் சொல்ல எனக்கு உன் ஞாபகம்தான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது தீபாவளிக்கு அணுகுண்டு வெடித்தால் தராசு மேசைக்கு அடியில் புகுந்து அதன் காலைக் கட்டிக்கொள்வாய். உன் அப்பா உன்னை வெளியே இழுத்து, பயந்தாங்கொள்ளி என்று கேலி பண்ணுவார், நாங்களெல்லாம் சிரிப்போம். நீ செய்ததுதான் சரி போலிருக்கிறது.

இதையெல்லாம் வருமுன்னே செய்து வைத்தால்தான் உண்டு என்றும் சொன்னார். வந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது, உடம்பு தனக்குப் பழகியதைத்தான் செய்யும் என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், எனக்குச் சுருக்கென்றது. என் உடம்புக்கு என்ன பழகியிருந்தது என்று நான்தான் பார்த்துவிட்டேனே. இனி அட்டி இடுப்பு உயரத்துக்கு மேல் ஏறாது, நடைபாதையில் ஒரு மூட்டைகூட நிற்காது. இடம் போதாவிட்டால் இன்னொரு குடோன் வாடகைக்குப் பிடி. ஆள் உள்ளே இருக்கும்போது எந்தக் கதவுக்கும் பூட்டுக் கிடையாது. தரம் பிரிக்கக் கனமான மர மேசைகள் செய்யச் சொல்லிவிட்டேன். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, அதை எப்படி அணைப்பது என்று எல்லோருக்கும் காட்டிவிட்டேன். இன்ஜினியர் வந்து சுவரையும் கூரையையும் பார்த்துச் சரி என்று சொல்கிறவரைக்கும் உள்ளே வேலை இல்லை. வெளியே காய வைக்கிற களத்தில் தார்ப்பாய் கட்டி உட்கார வைத்திருக்கிறேன். பச்சை கொஞ்சம் வெளுக்கிறது, வெளுக்கட்டும்.

உன் வீட்டையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் படுக்கிற கட்டிலின் தலைமாட்டில் கல்யாண போட்டோவை இத்தனை பெரிய கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாய். நான் வந்தபோது ஆசையாகப் பார்த்தேன், இப்போது நினைத்தால் அது உங்கள் தலைமேல் விழுவதுதான் தெரிகிறது. இன்றைக்கே கழற்றி ஆளில்லாத சுவரில் மாட்டு. பீரோவையும் புத்தக அலமாரியையும் டிவியையும் சுவரோடு சேர்த்து முடுக்கச் சொல். மிக்சி, கிரைண்டர் மாதிரிக் கனமானதெல்லாம் கீழ்த்தட்டில் இருக்கட்டும். ராத்திரி படுக்கும்போது கட்டிலுக்கு அருகில் செருப்பும் டார்ச்சும் வேண்டும், கண்ணாடி உடைந்து கிடக்கிற தரையில் வெறுங்காலோடு நடக்க முடியாது. படுத்திருக்கும்போது ஆடினால் அங்கேயே குப்புறப்படுத்துத் தலையணையால் தலையை மூடிக்கொள்ளுங்கள். பால்கனிப் பக்கம் எட்டிப் பார்க்காதே, ஆடும்போது படிக்கட்டுக்கு ஓடாதே, லிப்டைத் தொடவே தொடாதே. நின்ற பிறகு கேஸை மூடு. வாடை அடித்தால் சுவிட்சில் கை வைக்காமல் ஜன்னலைத் திறந்துவிட்டு இறங்குங்கள். நீ ஓரிடத்திலும் மருமகள் ஓரிடத்திலும் இருந்தால் கீழே எங்கே வந்து சந்திப்பது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். காரில் போடிமெட்டு ஏறும்போது நேர்ந்தால் பாறைச் சரிவுக்கும் மரத்துக்கும் தள்ளி ஓரங்கட்டி வண்டிக்குள்ளேயே இரு. எனக்குப் போன் அடித்துக்கொண்டு நிற்காதே, எல்லோரும் அடித்தால் யாருக்கும் கிடைக்காது. 'நல்லா இருக்கோம்' என்று ஒரு மெசேஜ் போடு, போதும். உன் அம்மா பயந்துபோய் உளறுகிறாள் என்று நினைப்பாய். ஆமாம், பயந்துதான் போயிருக்கிறேன். பூமியைவிட என்னைக் கண்டு பயந்துபோயிருக்கிறேன்.

நீ வேண்டாம் என்று சொன்ன சுவரை நேற்று உடைத்துவிட்டேன். உன் அப்பா முதலில் முணுமுணுத்தார். ஆஸ்பத்திரியில் பார்த்த வெற்றிலையைப் பற்றிச் சொன்னேன். எழுந்துபோய்க் கொத்தனாருக்கு அவரே போன் பண்ணினார். இன்று காலையில் களத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, அதிகாரி சொன்னது முழுவதையும் சொன்னேன். கடைசியாக, "பூமி ஆடுனா யாரும் மடிய உதறக் கூடாதுடி. ஆட்டம் நிக்கிற மட்டும் மேசைக்கடியில இருங்க. நின்னதும் எந்த வாசல் கிட்டக்க இருக்கோ அந்த வாசல்ல போயிட்டே இருங்க. இடுப்புல ஒரு மூட்டையே இருந்தாலும் நான் கேக்க மாட்டேன்" என்றேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு காயைப் பொறுக்கினார்கள். சரி என்று ஒருத்தியும் சொல்லவில்லை. "என்னடி, நான் சொல்றது காதுல விழுகுதா?" என்று அதட்டினேன். பேச்சியம்மாள்தான் நிமிர்ந்தாள். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. "நீங்க சொல்றீகக்கா. ஆனா அன்னைக்கும் வாசல்ல நீங்கதான நின்னீக?" என்றாள்.

அதோடு அவள் நிறுத்தவில்லை. அவளே தொடர்ந்தாள். "ஒரே வாசல்னு தம்பிதான சொன்னாக. எல்லாத்தையும் போன்ல பாத்துக்கிட்டிருக்காகன்னு சொல்லித்தான எங்கள உக்கார வச்சாக. இனிமே உதற வேணாம்னு அவுக வந்து, அவுக வாயால சொல்லட்டும்க்கா. அப்பத்தான் எங்களுக்குக் காலு வரும்." மற்றவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் எல்லோருடைய கையும் நின்றுவிட்டது.

இத்தனை வருஷம் அவர்களோடு ஒரே டீயைக் குடித்தவள் நான். அவர்கள் வீட்டு நல்லது கெட்டது ஒன்று விடாமல் போய் நின்றவள். அவர்கள் உயிரைப் பற்றி நான் சொல்கிற வார்த்தையை இன்றைக்கு அவர்களால் நம்ப முடியவில்லை. கதவு திறந்தாயிற்று, மேசை வரப்போகிறது, அதிகாரி சொன்னதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் மறுபடி உள்ளே உட்கார்ந்த அன்றைக்கே பூமி ஆடினாலும் அந்தப் படியில் நின்று உதறிவிட்டுத்தான் போவார்கள். அவர்களை அதிலிருந்து நகர்த்த என்னால் ஆகாது.

ஆகவே அடுத்த மாசம் என்று சொல்லாதே. இந்த வாரமே மருமகளோடு கிளம்பி வா. ஆஸ்பத்திரிக்குப் போய் செல்லத்தாய் முன்னால் நில். பிறகு களத்துக்கு வந்து, அந்த ஒரு வார்த்தையை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல். சொல்லிவிட்டு நீயும் அவர்கள் நடுவில் ஒரு சுளகை வைத்துக்கொண்டு உட்கார். ஆட்டம் வந்ததாக வைத்துக்கொண்டு உன் அப்பா மணி அடிப்பார். மணி அடித்ததும் நீ குனி, நின்றதும் நீ முதலில் எழுந்து போ, அவர்கள் உன் பின்னால் வரட்டும். உதறாமல் வரப் பழகுகிற மட்டும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். நான் வாசலில் நிற்க மாட்டேன்.

அம்மா